உதுமாலெவ்வையின் எஞ்சின்

லீவில் வந்து மூன்றாம் நாள்
சுபஹு தொழுதுவிட்டுச் செருப்பைத் தேடும்போது
உதுமாலெவ்வை கையைப் பிடித்தான்.
"மச்சான், ஐஸ் கடலுக்குள்ள கிடக்கிற சாமானையே
எடுக்கிற ஆள் நீ.
எண்ட எஞ்சின் துறைமுக வாய்க்குள்ள கிடக்கு.
பதினஞ்சு குதிரை.
இன்னும் ஏழு மாசத் தவணை இரிக்கி."

எப்படிச் சொல்வேன் அவனுக்கு,
அங்கே நாங்கள் எடுப்பது
எடுக்கவென்றே போட்டதை என்று.

பழைய ரயில் சக்கரம் மூன்றைக் காலில் கட்டி
ஆயிரத்து எண்ணூறு மீற்றருக்கு இறக்கிவிட்டு வருவோம்.
இரண்டு வருடம்
நின்ற இடத்தில் நின்று
உப்பையும் சூட்டையும் நீரோட்டத்தையும்
மணிக்கொரு தரம் எழுதிக்கொண்டிருக்கும்
வாசிக்க யாருமில்லாத இருட்டில்.

திரும்பிப் போகையில் மேலே கடல் இல்லை.
ஒலுவிலில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும்
சிமெந்து போட்டு மெழுகின மாதிரி வெள்ளை.
கப்பல் இடிக்கும், பின்வாங்கும், கிறுகி இடிக்கும்.
ஒரு வளவு அகலத்துக்குத் தண்ணீர் திறந்ததும்
கருவியைக் கயிற்றில் விட்டு
பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.
பெயரென்றால் நாலு எண்.

இரண்டரைச் செக்கனில் பதில் வரும்:
இருக்கிறேன்,
நிமிர்ந்து நிற்கிறேன்,
இவ்வளவு தூரத்தில்.

மறுகா இன்னொரு எண்.
அதற்கு ஒரே அர்த்தம்தான். விடு.

விட்டுவிடும்.
சக்கரங்கள் அங்கேயே தங்க
மற்றதெல்லாம் கிளம்பும்.
இருபத்தொரு நிமிடம்.
அந்த நேரம் கப்பலில் ஒருவரும் தேத்தண்ணி குடிப்பதில்லை.
பனி சும்மா நிற்காது, நகரும்.
திறந்த வளவு மூடிக்கொண்டு வரும்.
மஞ்சள் உருண்டை
தண்ணீரில் முளைக்குமா, பனிக்கடியில் முட்டுமா?

போன வருடம் ஒன்று முட்டியது.
ஐந்தடிக் கட்டிக்குக் கீழே
தலை இடித்தபடி
கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.
இங்கிரிட் மூன்று பக்கமிருந்து தூரம் அளந்து
தாளில் மூன்று வட்டம் கீறினாள்.
வட்டங்கள் வெட்டிய புள்ளிக்குப் பக்கத்தில்
கட்டியைச் சாய்க்கப் பதினொரு மணித்தியாலம்.
கொழுக்கி எறிந்தது நான்.
கையுறை கம்பியோடு உறைந்துபோக
கையை மட்டும் உருவிக்கொண்டு வந்தேன்.

இதில் ஒன்றையும் சொல்லாமல்
உதுமாலெவ்வையோடு போனேன்.

மணல் அடைத்த துறைமுக வாய்.
குளிக்கச் சூடாக்கிய மாதிரித் தண்ணீர்.
பாறூக்கின் தோணியில் கொழுக்கியைக் கட்டி இழுத்தோம்.
கிழிந்த வலை வந்தது,
ஒரு சப்பாத்து வந்தது, இடது கால்.
மூன்று முறை நானே முங்கினேன்.
உறையாத தண்ணீருக்குள் ஒரு சாண் தெரியவில்லை.
நேற்று விழுந்த இடத்தில்
இன்றைக்கு மணல் வேறு.

தோணி ஓரத்தில் குப்புறப் படுத்து
துடுப்பால் பலகையைத் தட்டினான் உதுமாலெவ்வை.
"டேய், எங்கடா கிடக்காய்?"
பாறூக் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
பழக்கதோசம்,
தலையைச் சாய்த்து
ஒன்று, இரண்டு, மூன்று
என்று எண்ணிவிட்டேன்.

கரையேறும்போதுதான் சக்கரக் கதையைச் சொன்னேன்,
வேறு சொல்ல ஒன்றுமில்லாததால்.

"அந்தச் சக்கரத்தை மறுகா ஆரு எடுக்கிற?"
"ஆரும் எடுக்கிறல்ல."
"ஒவ்வொரு தரமும் மூண்டு?"
"ஓம். சிலநேரம் நாலு."

கொஞ்சநேரம் கடலைப் பார்த்தான்.
"அப்ப வெள்ளக்காரனுக்கும் போறது போறதுதான்"
என்று சாரனைப் பிழிந்து கட்டினான்.
முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.
பாறூக்கிடம் பெற்றோலுக்கு எவ்வளவு என்று கேட்டான்.
நான் கொடுத்தேன், வாங்கவில்லை.